சுதந்திர மனிதன் படிக்கும் படிப்பு நம் பிள்ளைகளுக்கு வேண்டாமா?



எஸ்.பி.எம்., எஸ்.டி.பி.எம். தேர்வு முடிவுகள் வெளிவந்துவிட்டால், கமுந்திங்கிலும் தைப்பிங்கிலும் பழைய தோட்டத்துக் குடும்பங்கள் குடியேறியிருக்கும் தாமான்களில் ஒரே பேச்சுத்தான். பிள்ளை என்ன படிக்கப் போகிறது? மருத்துவம் என்றால் மகிழ்ச்சி. கணக்காய்வு என்றால் திருப்தி. வெல்டிங், மின்சாரம், குளிர்சாதனம் என்றால், "நல்லது, கையில் ஒரு தொழில் இருக்கட்டும்" என்கிறோம். ஆனால் ஒரு பெண் துணிந்து, "நான் வரலாறு படிக்கிறேன், பொருளாதாரம் படிக்கிறேன், இலக்கியம் படிக்கிறேன்" என்று சொல்லிவிட்டால் போதும். "அது சோறு போடுமா?" என்று நாலு பக்கமிருந்தும் கேட்கிறோம். வீட்டில் மட்டுமா கேட்கிறோம்? சங்கக் கூட்டத்திலும், கல்வி உதவி கொடுக்க உட்காரும் கமிட்டிகளிலும் இதே கேள்விதான்.

இந்தக் கேள்வியை நாம் எள்ளி நகையாட மாட்டோம். அது பசியறிந்தவனின் கேள்வி. கடன் வாங்கிப் படிக்க வைத்துவிட்டு, அந்தக் கடனை யார் அடைப்பது என்று தவிக்கும் தகப்பனின் கேள்வி. ஆனால், அந்தக் கேள்வியை நம்மிடம் மட்டும் கேட்கிறார்களே, பணக்கார வீட்டுப் பிள்ளையிடம் ஏன் கேட்பதில்லை என்பதைச் சற்று எண்ணிப் பாருங்கள். நாம் இங்கே சொல்ல வருவது அதுதான்.

அமெரிக்காவிலே நியூயார்க் நகரில் கொலம்பியா என்று ஒரு பல்கலைக்கழகம் இருக்கிறது. அரசாங்கப் பல்கலைக்கழகம் அன்று, தனியார் பல்கலைக்கழகம். 1754-ஆம் ஆண்டில் மன்னர் கல்லூரி என்ற பெயரில் தொடங்கி, அமெரிக்கா விடுதலை பெற்ற பிறகு 1784-இல் கொலம்பியா என்று பெயர் மாற்றிக்கொண்டது. இன்று முப்பதாயிரத்துக்கும் மேற்பட்ட மாணவர்கள் அங்கே படிக்கிறார்கள். சட்டம், மருத்துவம், வணிகம், பொறியியல், பத்திரிகைத் தொழில் எல்லாவற்றுக்கும் தனித்தனிப் பள்ளிகள் அதில் உண்டு. அத்தனை பெரிய பல்கலைக்கழகத்தின் நடுவிலே, மூலக் கல்லூரியாக, கொலம்பியா கல்லூரி நிற்கிறது. ஏறக்குறைய 4,500 மாணவர்கள். முதற்பட்டம் மட்டுமே அதன் வேலை. எந்தத் தொழிலையும் அது கற்றுக் கொடுப்பதில்லை.

பிறகு எதைக் கற்றுக் கொடுக்கிறது? முதல் உலகப் போர் முடிந்த 1919-இல் அந்தக் கல்லூரி ஒரு பாடத்தைத் தொடங்கிற்று. சமகால நாகரிகம் என்பது அதன் பெயர். போர் ஏன் வருகிறது, அரசு என்றால் என்ன, சொத்து யாருடையது, நீதி எது என்று மாணவர்கள் பழைய நூல்களையும் புதிய நூல்களையும் வைத்துக்கொண்டு வாதாட வேண்டும். 1937-இல் இலக்கியத்துக்கு இன்னொரு பாடம் சேர்ந்தது. பிறகு ஓவியம், இசை, விஞ்ஞானம் ஆகியவையும் வந்தன. தொடக்கத்தில் மேனாட்டு நூல்கள் மட்டுமே ஆட்சி செய்தன. அந்தக் குறையைச் சுட்டிக் காட்டியவர்கள் பலர். பின்னர் ஆசியா, ஆப்பிரிக்கா முதலிய நாடுகளைப் பற்றிய பாடங்களுக்கும் இடம் உண்டாயிற்று. இயற்பியல் படிக்க வந்தவனும் இந்தப் பாடங்களைப் படித்தே ஆகவேண்டும். கவிதை எழுத வந்தவளும் விஞ்ஞானப் பாடம் படித்தே ஆகவேண்டும். ஒரு வகுப்பில் இருபதுக்குச் சற்று அதிகமான பேர்தான். ஆசிரியர் சொற்பொழிவாற்ற, மாணவன் எழுதிக்கொண்டு போகும் வகுப்பன்று அது. மாணவன் பேசவேண்டும், எதிர்த்துப் பேசவேண்டும், தன் பேச்சுக்குக் காரணம் காட்டவேண்டும்.

இப்படிப்பட்ட கல்வியை ஆங்கிலத்திலே "லிபரல் ஆர்ட்ஸ்" என்கிறார்கள். நம்மவர்கள் "கலைப் படிப்பு" என்று சொல்லி, பாட்டும் கூத்தும் என நினைத்துக்கொள்கிறார்கள். அந்தச் சொல்லின் பிறப்பைத் தெரிந்துகொண்டால் தூக்கம் கலையும். இலத்தீன் மொழியில் "லிபர்" என்றால் சுதந்திரமானவன். பழைய ரோமாபுரியிலே மனிதர் இரண்டு வகை: சுதந்திர மனிதன், அடிமை. அடிமைக்குக் கைத்தொழில் போதும். சபையில் எழுந்து பேசவும், வழக்காடவும், சட்டம் செய்யவும் உரிமை பெற்றவனுக்கு மட்டும் இலக்கணம், தர்க்கம், சொல்வன்மை, கணிதம், வடிவியல், வானநூல், இசை என்று கற்றுக் கொடுத்தார்கள். அதற்குத்தான் "சுதந்திர மனிதனுக்கு உரிய கலைகள்" என்று பெயர். ஆள வேண்டியவனுக்கு ஒரு படிப்பு, உழைக்க வேண்டியவனுக்கு ஒரு பயிற்சி. இரண்டாயிரம் ஆண்டுக்கு முன்பே கணக்குப் போட்டுப் பிரித்துவிட்டார்கள்!

இந்தப் பிரிவினை ரோமாபுரியோடு போயிற்றா? நம் மலாயாவுக்கும் கப்பலேறி வந்தது. சஞ்சிக்கூலி முறை 1910-இல் நிறுத்தப்பட்டது. அதன்பின் கங்காணி முறையில் ஆள் வந்தார்கள், குடும்பம் வந்தது, பிள்ளைகள் பெருகினார்கள். ஏழு முதல் பதினான்கு வயது வரையுள்ள பிள்ளைகள் பத்துப் பேர் இருந்தால் தோட்டத்தில் பள்ளிக்கூடம் வைக்கவேண்டும் என்று 1923-ஆம் ஆண்டுத் தொழிலாளர் சட்டம் சொல்லிற்று. பள்ளிக்கூடமும் வந்தது. எப்படி வந்தது? ஏதாவது ஒரு கொட்டகை. பல இடங்களில் கங்காணியோ கிராணியோ வாத்தியார். எழுத்துக் கூட்டவும் நாலு கணக்குப் போடவும் தெரிந்தவுடன் பையன் பால் வாளியைத் தூக்கிக்கொண்டு நிரைக்குப் போய்விடுவான். நாமும் கிராணி வேலை பார்க்கிறவர்கள்தாம். நம் முன்னோர் அந்த வாத்தியார் வேலையை எந்த நிலைமையில் செய்தார்கள் என்பதை அறிவோம். அவர்களிலே நல்ல உள்ளம் படைத்தவர்கள் ஏராளம். ஆனால் ஏற்பாடே அவ்வளவுதான்.

அந்த ஏற்பாட்டுக்குப் பின்னால் ஒரு கொள்கை இருந்தது. 1920-களில் ஐக்கிய மலாய் நாடுகளின் தலைமைச் செயலாளராக இருந்த ஜார்ஜ் மேக்ஸ்வெல் என்ற வெள்ளைக்கார அதிகாரி அதை ஒளிவுமறைவின்றி எழுதி வைத்தார். அரசாங்கத்தின் நோக்கம் சிலரைப் பெரிய படிப்பாளிகளாக்குவது அன்று. மீனவன் மகனைத் தகப்பனைவிடக் கொஞ்சம் கெட்டிக்கார மீனவனாகவும், குடியானவன் மகனைத் தகப்பனைவிடக் கொஞ்சம் கெட்டிக்காரக் குடியானவனாகவும் ஆக்குவதே என்பது அவர் கருத்தின் சாரம். மலாய்க் கிராமத்துப் பிள்ளையை மனத்தில் வைத்துச் சொன்னது அது. தோட்டத்துத் தமிழ்ப் பிள்ளைக்கு அந்தக் "கொஞ்சம் கெட்டிக்காரத்தனம்" கூட வேண்டியதில்லை என்றே பல துரைமார் நடந்துகொண்டார்கள்.

இப்போது நாம் கேட்கிறோம்: பால்மரம் வெட்டியவன் மகனை வெல்டிங் பட்டறைக்கு அனுப்பிவிட்டு, அதோடு நம் கடமை முடிந்தது என்று சொன்னால், மேக்ஸ்வெல் சொன்னதற்கும் நாம் சொல்வதற்கும் என்ன வித்தியாசம்? அன்று அதிகாரி சொன்னார். இன்று நாமே நம் பிள்ளைக்குச் சொல்லிக்கொள்கிறோம். அவ்வளவுதான்!

தொழில் தெரிவது வேறு, தொழிலின் நியாயம் தெரிவது வேறு. பாதி மரத்தைச் சுற்றி, முப்பது பாகைச் சாய்வில், மரத்தின் உயிர்ப்பகுதியில் கத்தி படாமல் பட்டையைச் சீவ நம் தாய்மார்களுக்கு யாரும் சொல்லிக்கொடுக்க வேண்டியதில்லை. ஆனால் 1922-இல் பிரிட்டிஷார் ஸ்டீவன்சன் திட்டம் என்று ஒன்றைக் கொண்டுவந்து ரப்பர் ஏற்றுமதியைக் கட்டுப்படுத்தியது எதற்காக? 1928-இல் அதை எடுத்துவிட்டது எதற்காக? 1930-க்குப் பிறகு உலகமெங்கும் பொருளாதார மந்தம் வந்தபோது நம் கூலி ஏன் வெட்டப்பட்டது? இலட்சத்துக்கும் மேற்பட்ட தமிழ்த் தொழிலாளர்கள் ஏன் கப்பலேற்றித் திருப்பி அனுப்பப்பட்டார்கள்? இந்தக் கேள்விகளுக்குக் கத்தியிலே பதில் இல்லை. வரலாற்றிலும் பொருளாதாரத்திலும் இருக்கிறது. பாலை நிறுத்துப் பார்ப்பவனுக்கு நிறை தெரியும். அதில் எத்தனை விழுக்காடு ரப்பர் என்று கணக்கிடுவது எப்படி, அந்தக் கணக்கில் கூலி எப்படிக் கட்டப்படுகிறது, அந்த விகிதத்தை எந்த மேசையில் உட்கார்ந்து யார் தீர்மானித்தார்கள் என்று தெரிந்தவன்தான் அந்த மேசையில் எதிரே உட்கார முடியும்.

வெறும் வாய்ச்சொல் அன்று. சான்று காட்டுகிறோம்.

1913-ஆம் ஆண்டு, தீண்டத்தகாதவர் என்று ஒதுக்கப்பட்ட மகர் குலத்திலே பிறந்த ஓர் இளைஞர், பரோடா மன்னரின் உதவிச் சம்பளம் மாதம் பதினொன்றரைப் பவுன் பெற்று, நாம் மேலே சொன்ன அதே கொலம்பியாவுக்குப் போய்ச் சேர்ந்தார். அவர்தான் டாக்டர் அம்பேத்கர். முதற்பட்டத்தை பம்பாயிலேயே முடித்துவிட்டதால் அவர் சேர்ந்தது மேற்படிப்புப் பிரிவில், கல்லூரியில் அன்று. ஆனாலும் எப்படிப் படித்தார் என்று பாருங்கள். அவருடைய பாடம் பொருளாதாரம். அதோடு நின்றாரா? வரலாறு, சமூகவியல், தத்துவம், மானிடவியல் என்று வகுப்பு வகுப்பாகப் போய் உட்கார்ந்தார். ஜான் டூயி என்ற தத்துவப் பேராசிரியரிடம் கேட்ட பாடங்கள் வாழ்நாள் முழுதும் அவரோடு வந்தன. 1916-இல் சாதியின் தோற்றத்தைப் பற்றி அவர் அங்கே படித்த கட்டுரை, மானிடவியல் வகுப்பில் பிறந்தது. "தாழ்த்தப்பட்டவனுக்கு ஒரு கைத்தொழில் போதும்" என்று சொல்லி யாரேனும் அவரைத் தடுத்திருந்தால்? 1942 முதல் 1946 வரை இந்தியாவின் தொழிலாளர் துறையை நடத்தியவரும், அரசியலமைப்பை எழுதும் குழுவுக்குத் தலைமை தாங்கியவரும் நமக்குக் கிடைத்திருப்பாரா?

அம்பேத்கர் தூரத்து மனிதர் என்றால், நம் பேராக் மாநிலத்துக்கே வருவோம். சுங்கை சிப்புட்டில் 1919-இல் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன், கலைப் பட்டம் படிக்கச் சிதம்பரம் அண்ணாமலைப் பல்கலைக்கழகத்துக்குப் போனவர். அதுவும் அப்போது தனியார் நிறுவிய பல்கலைக்கழகந்தான். பர்மா, இலங்கை, மலாயா எங்கும் வட்டித் தொழில் நடத்திய குடும்பத்தைச் சேர்ந்த அண்ணாமலைச் செட்டியார் 1920-இல் கல்லூரியாகத் தொடங்கி, 1929-இல் பல்கலைக்கழகமாக்கியது. பிற்காலத்தில் பண நெருக்கடி முற்றியபோது, 2013-இல் தமிழ்நாடு அரசு அதை ஏற்றுக்கொண்டது. அங்கே படித்துத் திரும்பிய சம்பந்தன், 1950-களில் வெள்ளையர் தோட்டங்களைத் துண்டு துண்டாக விற்றுவிட்டுப் போனபோது, நம் மக்கள் வேலையும் வீடும் இழந்து நின்றதைக் கண்டார். தொழிலாளியே பங்கு சேர்த்துத் தோட்டத்தை வாங்கினால் என்ன என்று எண்ணினார். மாதம் பத்து வெள்ளி வீதம் கட்டும் பங்குதாரர்களைத் திரட்டி, 1960-இல் தேசிய நில நிதிக் கூட்டுறவுச் சங்கம் பிறந்தது. அவர் கூலியின் மகன் அல்லர். ரப்பர்த் தோட்டம் வைத்திருந்தவரின் மகன். அதனால்தான் அந்தப் படிப்பு அவருக்குக் கைகூடிற்று. நாம் கேட்பதும் அதையே: ஒரு முதலாளி மகனுக்குக் கிடைத்த படிப்பு நமக்கு இவ்வளவு பயன்பட்டதென்றால், தொழிலாளி மகளுக்கே அது கிடைத்தால் எவ்வளவு பயன்படும்!

கொலம்பியாவைக் கோயிலாக்கிக் கும்பிடச் சொல்கிறோமா? இல்லை. அதன் கணக்கையும் பார்த்துவிடுவோம். அந்தக் கல்லூரியின் படிப்புக் கட்டணம் மட்டும் இன்று ஆண்டுக்கு 60,000 அமெரிக்க டாலரைத் தாண்டிவிட்டது. ஏழை வீட்டுப் பிள்ளை தேறிவிட்டால் பெரும் உதவி கிடைக்கும் என்பது உண்மை. ஆனால் அந்த வாசலை எட்டிப் பார்க்கும் ஏழை எத்தனை பேர்? சுதந்திர மனிதனின் கல்வி என்று பேசிய அந்தக் கல்லூரி, 1983 வரை பெண்களைச் சேர்த்துக்கொள்ளவில்லை. நியூயார்க் நகரத்துப் பெரிய நிலக்காரர்களில் ஒருவர் அந்தப் பல்கலைக்கழகம். கறுப்பின மக்கள் வாழும் ஹார்லம் பகுதியை ஒட்டிய பொதுப் பூங்காவில் உடற்பயிற்சிக் கூடம் கட்டப் புறப்பட்டது. 1968-இல், வியட்நாம் போர் ஆராய்ச்சியோடு பல்கலைக்கழகம் வைத்திருந்த உறவையும் இந்தக் கட்டடத்தையும் எதிர்த்து மாணவர்கள் கட்டடங்களுக்குள் புகுந்து உட்கார்ந்துவிட்டார்கள். கூடம் கட்டும் யோசனை கைவிடப்பட்டது. நீதி எது என்று வகுப்பில் வாதாடக் கற்றுக்கொடுத்தால், மாணவன் அந்தக் கேள்வியை நிர்வாகத்தின் முன்னாலும் வைப்பான் அல்லவா?

இன்னொரு செய்தி, சங்கத்தார் எல்லாரும் தெரிந்துகொள்ள வேண்டியது. அந்த உயர்ந்த பாடங்களைக் கற்பிக்கிறவர்கள் எல்லாரும் பெரிய பேராசிரியர்கள் அல்லர். மேற்படிப்பு மாணவர்களும் வகுப்பு நடத்துகிறார்கள். அவர்களும் தொழிலாளர்தாம், சங்கம் அமைக்க உரிமை உண்டு என்று 2016-இல் அமெரிக்கத் தொழிலுறவு வாரியம், இதே கொலம்பியா வழக்கிலே தீர்ப்பளித்தது. ஐக்கிய வாகனத் தொழிலாளர் சங்கத்தில் அவர்கள் சேர்ந்தார்கள். ஆம், மோட்டார்த் தொழிற்சாலைக்காரர்களின் சங்கத்தில்! 2021 நவம்பர் 3-ஆம் தேதி ஏறக்குறைய 3,000 பேர் வேலைநிறுத்தத்தில் இறங்கினார்கள். சம்பளம், மருத்துவ வசதி, துன்புறுத்தலை விசாரிக்க நடுநிலையான ஏற்பாடு ஆகியவையே கோரிக்கைகள். 2022 ஜனவரி 7-ஆம் தேதி உடன்பாடு ஏற்படும் வரை அசையவில்லை. பேனா பிடித்தவனுக்கும் பால் கத்தி பிடித்தவனுக்கும் சங்கம் ஒன்றே வழி என்பதற்கு இதைவிடச் சான்று வேண்டுமா?

இந்தக் கல்வி நம் பக்கத்து ஊருக்கும் வந்தது. சிங்கப்பூரிலே, அமெரிக்காவின் யேல் பல்கலைக்கழகமும் சிங்கப்பூர் தேசியப் பல்கலைக்கழகமும் 2011-இல் கைகோத்து யேல்-என்.யு.எஸ். கல்லூரியை அமைத்தன. 2013-இல் முதல் மாணவர்கள் நுழைந்தார்கள். 2021 ஆகஸ்டில், கல்லூரி மூடப்பட்டு வேறொரு திட்டத்தோடு இணைக்கப்படும் என்ற அறிவிப்பு வந்தது. மாணவர்களையும் ஆசிரியர்களையும் கலந்துகொள்ளாமலே செய்த முடிவு அது. 2025-இல் கடைசி வகுப்பு பட்டம் பெற்றது, கல்லூரி முடிந்தது. மேலே இருப்பவர் கொடுத்ததை மேலே இருப்பவரே எடுத்துக்கொள்ளலாம். கீழே இருப்பவர்கள் கேட்டுப் பெற்றதை எடுப்பதுதான் கடினம்.

நம் நாட்டில்? 1996-ஆம் ஆண்டுத் தனியார் உயர்கல்விச் சட்டத்துக்குப் பின், கிள்ளான் பள்ளத்தாக்கு முழுதும் தனியார் பல்கலைக்கழகங்கள் எழுந்து நிற்கின்றன. அமெரிக்கக் கல்லூரிகளுக்கு மாறிச் செல்லும் பட்டப்படிப்பும் அங்கே உண்டு. முதல் இரண்டு ஆண்டு இங்கே, பிறகு அங்கே. அந்தப் படிப்பிலே சேருகிற பிள்ளை தத்துவமும் வரலாறும் படித்தால் யாரும் சோற்றைப் பற்றிக் கேட்பதில்லை. அப்பாவின் கம்பெனி காத்திருக்கிறது! தொழிற்படிப்புக்குப் போகும் நம் பிள்ளைகளுக்கும் தத்துவம், நாகரிகம், நெறிமுறை என்று பொதுப் பாடங்கள் உண்டு. ஆனால் அவற்றை "பாஸ் பண்ணினால் போதும்" என்று தள்ளிவிடுகிறார்கள். தள்ளிவிடச் சொல்லிக் கொடுப்பவர்களும் நாமே.

"பேச்செல்லாம் சரி ஐயா, கடன் யார் கட்டுவது?" என்று கேட்பீர்கள். நேர்மையான கேள்வி. பதிலும் நேர்மையாகச் சொல்கிறோம். எல்லாப் பிள்ளையும் கலைப் பட்டத்துக்குப் போகவேண்டும் என்று நாம் சொல்லவில்லை. வெல்டிங் இழிவு என்றும் சொல்லவில்லை. உழைப்பு எதுவும் இழிவன்று. இலட்சம் வெள்ளிக் கடனில் விழுந்து தனியார் பட்டம் வாங்கு என்று ஒருபோதும் சொல்லமாட்டோம். அரசாங்கப் பல்கலைக்கழகங்களில் வரலாறு, பொருளாதாரம், சட்டம், மொழி எல்லாம் குறைந்த கட்டணத்தில் இருக்கின்றன. அங்கே இடம் கிடைத்த பிள்ளையை "வேண்டாம்" என்று திருப்பி அழைக்காதீர்கள் என்கிறோம். வெல்டிங் படிக்கும் பையனுக்கும் தன் வேலை ஒப்பந்தத்தை வாசிக்கவும், சட்டத்தைப் புரட்டவும், நாலு பேர் நடுவே எழுந்து பேசவும் தெரிந்திருக்க வேண்டும் என்கிறோம்.

ஆகவே சங்கக் கிளைகளின் முன் மூன்று யோசனைகளை வைக்கிறோம்.

ஒன்று: கல்வி உதவி கொடுக்கும் கமிட்டிகள், தொழிற்படிப்புக்கு மட்டும் என்று சொல்லாமலும் எழுதாமலும் நடந்துகொள்ளும் வழக்கத்தை விடவேண்டும். பத்துப் பிள்ளைக்கு உதவினால், இரண்டு பிள்ளையாவது வரலாறோ பொருளாதாரமோ சட்டமோ மொழியோ படிக்கட்டும்.

இரண்டு: கமுந்திங் வட்டாரத்தில் மாதம் இருமுறை, ஞாயிற்றுக்கிழமை மாலை, இருபது பேர் கொண்ட படிப்பு வட்டம் ஒன்று தொடங்கவேண்டும். கோயில் மண்டபம் போதும். பள்ளிக்கூட வகுப்பறை போதும். கூட்டு ஒப்பந்தத்தை ஒரு வாரம் வரிவரியாகப் படிப்போம். தோட்டங்களின் வரலாற்றை ஒரு வாரம். நம் இலக்கியத்தை ஒரு வாரம். வந்தவர் எல்லாரும் பேசவேண்டும் என்பது ஒன்றே விதி. கொலம்பியாவில் 60,000 டாலர் கொடுத்து வாங்குவதில் ஒரு பங்கு, இங்கே ஒரு கோப்பித் தண்ணீர்ச் செலவில் கிடைக்கும்.

மூன்று: அந்த வட்டத்தில், இன்று தோட்டங்களில் நம் இடத்தில் நின்று பாடுபடும் இந்தோனேசிய, வங்காளதேசத் தோழர்களுக்கும் இடம் வேண்டும். நம் தாத்தாமார் கேட்காத கேள்விகளை அவர்களாவது கேட்கட்டும்.

வெளியூரில் போய் "கமுந்திங்" என்று சொன்னால், விசாரணையின்றி ஆளை அடைத்து வைத்த தடுப்பு முகாமைத்தான் நினைக்கிறார்கள். 2012-இல் அந்தச் சட்டம் நீங்கியும் பெயர் நீங்கவில்லை. கேள்வி கேட்டவர்களைப் பூட்டி வைத்த ஊர் என்று பெயரெடுத்த இடத்திலே, கேள்வி கேட்கக் கற்றுக்கொடுக்கும் ஒரு வட்டத்தை நாம் ஏன் தொடங்கக் கூடாது?

அடுத்த கிளைக் கூட்டத்தில் இந்த மூன்று யோசனைகளும் நிகழ்ச்சி நிரலில் இடம்பெற வேண்டும். தோழர்களே, எழுந்து பேசுங்கள். எதிர்ப்பதானாலும் எழுந்து பேசுங்கள். படிப்பு அங்கிருந்தே தொடங்கட்டும்.